மதச் சுதந்திரத்துக்காக எந்த எம்.பி. வாய் திறந்தார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் நாலு பேர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சார், உயர் நீதிமன்றத்தில் ஜூனியராக இருக்கும் ஒரு பெண், கல்லூரிப் பையன் ஒருவன், அப்புறம் நான். சனிக்கிழமை சாயங்காலம் திருவல்லிக்கேணியில் ஒரு டீக்கடை மாடியில் உட்கார்ந்து, எந்த நாட்டு எம்.பி. எந்த மதத்துக்காரர்களுக்காக எப்போது பேசினார், எப்போது பேசாமல் இருந்துவிட்டார் என்று ஒரு எக்செல் தாளில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாம் ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் டீ ஆறிப்போகும்வரை விளக்கிச் சலித்துவிட்டதால் எழுதியே வைத்துவிடலாம் என்று முடிவு.

மதச் சுதந்திரம் என்றால் கோயிலுக்குப் போகிற உரிமையா, மதம் மாறுகிற உரிமையா? எதை அளக்கிறீர்கள்?

இரண்டையும்தான். 1948இல் வந்த மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆவது பிரிவு நம்பிக்கை வைத்துக்கொள்வது, அதை மாற்றிக்கொள்வது, தனியாகவோ கூட்டமாகவோ அதன்படி நடப்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. நம் அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவும் மனசாட்சிச் சுதந்திரம், மதத்தைக் கடைப்பிடிப்பது, பரப்புவது என்று தாராளமாகத்தான் ஆரம்பிக்கிறது. கூடவே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்று மூன்று வேலிகள். பிறகு 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை இருக்கிறது, ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதற்குள் வராது என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு இன்றுவரை சண்டை ஓய்ந்தபாடில்லை.

எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து கிடையாது. வங்கி சார் ஒரு பக்கம், வக்கீல் அம்மா இன்னொரு பக்கம். அதனால் எங்கள் கணக்கில் எளிமையான ஒரே கேள்வியை வைத்துக்கொண்டோம்: ஒரு மனிதன் தன் நம்பிக்கைக்காக அடி, சிறை, வேலை இழப்பு, வீடு இழப்பு இதில் ஏதாவது ஒன்றைச் சந்திக்கும்போது, அதைத் தடுக்கும் இடத்தில் இருந்த எம்.பி. என்ன செய்தார்?

இப்படி வேறு யாராவது கணக்கு வைக்கிறார்களா, நீங்களாகக் கிளப்பிவிட்டதா?

நாங்கள் கிளப்பிவிட்டது இல்லை. அமெரிக்காவில் எந்த விஷயம் கிடைத்தாலும் எம்.பி.க்களுக்கு மார்க் ஷீட் போட்டுவிடுவார்கள். துப்பாக்கிக்கு ஒன்று, சுற்றுச்சூழலுக்கு ஒன்று, வரிக்கு ஒன்று. மதச் சுதந்திரத்துக்கும் போட்டிருக்கிறார்கள். சில மசோதாக்களையும் தீர்மானங்களையும் தேர்ந்தெடுத்து, ஓட்டுப் போட்டாரா, இணைந்து முன்மொழிந்தாரா என்று பார்த்துத் தரம் கொடுப்பார்கள்.

அவர்களுக்கு இதற்கு வசதியாக ஒரு சட்டமே இருக்கிறது. 1998இல் வந்த சர்வதேச மதச் சுதந்திரச் சட்டம். அதன்படி வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் உலக நாடுகள் எல்லாவற்றையும் பற்றி அறிக்கை தர வேண்டும், மோசமானவற்றைத் 'தனிக் கவலைக்குரிய நாடு' என்று பட்டியலில் போட வேண்டும். வெளியுறவுத் துறைக்கு வெளியே நின்று பரிந்துரை செய்ய ஒன்பது பேர் கொண்ட ஆணையம் ஒன்றும் அதே சட்டத்தில் பிறந்தது. 2016இல் ஃபிராங்க் உல்ஃப் பெயரால் ஒரு திருத்தச் சட்டம் வந்து, சிறப்புக் கண்காணிப்புப் பட்டியலும் சேர்ந்தது. உல்ஃப் வர்ஜீனியாவிலிருந்து பல முறை தேர்வான எம்.பி.; இந்த விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்.

நாடுகளின் நிலைமையை அளப்பதற்கு ப்யூ ஆய்வு மையம் 198 நாடுகளுக்கு இரண்டு குறியீடுகள் வைத்திருக்கிறது. அரசாங்கம் போடும் கட்டுப்பாடு ஒன்று, ஜனங்களே ஒருவர்மேல் ஒருவர் காட்டும் பகை இன்னொன்று. இரண்டையும் பிரித்தது நல்ல யோசனை. ஏனென்றால் சட்டப் புத்தகம் சுத்தமாக இருக்கும், தெருவில் கல் விழும்.

பல நாட்டு எம்.பி.க்கள் கட்சி வித்தியாசம் இல்லாமல் சேர்ந்து 2014இல் ஓஸ்லோவில் ஒரு கூட்டமைப்பும் தொடங்கினார்கள். கையெழுத்துப் போட்டதற்கு மட்டும் நாங்கள் புள்ளி தருவதில்லை.

அமெரிக்காவில் 98-0 என்று ஓட்டு விழுகிறதே, அப்படியானால் அங்கே எல்லாரும் நல்லவர்கள்தானே?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் சொல்லும் 98-0, அந்த 1998 சட்டத்துக்கு செனட்டில் விழுந்த ஓட்டு. இன்னும் சில எண்களைப் பாருங்கள். ஐ.எஸ். அமைப்பு யசீதி என்ற சிறுபான்மை மதத்தினருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் செய்தது இனப்படுகொலை என்று 2016 மார்ச்சில் அமெரிக்கக் கீழவை தீர்மானம் போட்டது: 393-0. அடுத்த மாதமே பிரிட்டன் மக்களவை: 278-0. ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கு மியான்மர் ராணுவம் செய்தது இனப்படுகொலை என்று 2018 டிசம்பரில் மறுபடியும் அமெரிக்கக் கீழவை: 394-1. சீனாவில் வதைபடும் உய்கர் முஸ்லிம்களுக்கான 2020 சட்டம், கீழவையில்: 413-1.

இவற்றையெல்லாம் வரிசையாகத் தாளில் ஏற்றிய அன்று எங்கள் கல்லூரிப் பையன் நிமிர்ந்து, "அண்ணா, எல்லாருக்கும் நூத்துக்கு நூறு வருது, இதுக்கு எதுக்கு எக்செல்?" என்றான். சரியான கேள்வி. எல்லாரும் நூறு வாங்கும் பரீட்சையில் கேள்வித்தாள்மேல்தான் சந்தேகப்பட வேண்டும்.

நாங்கள் கண்டுகொண்டது இதுதான்: தூரம் கூடக் கூட ஆதரவு கூடுகிறது. அக்கரையில் இருப்பவனுடைய மதச் சுதந்திரத்துக்கு இக்கரையில் ஓட்டுப் போடுவதற்கு ஒரு பைசா செலவில்லை. தொகுதியில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கட்சித் தலைமை கூப்பிட்டுக் கேட்காது. அந்த மக்கள் பக்கத்தில் வந்து வீடு கேட்கும்போது, அல்லது அந்த நாட்டோடு வியாபாரம் நின்றுபோகும் என்னும்போதுதான் ஓட்டு எண்ணிக்கை ஆட ஆரம்பிக்கிறது.

கனடாவைப் பாருங்கள். உய்கர்களுக்குச் சீனா செய்வது இனப்படுகொலை என்று 2021 பிப்ரவரி 22 அன்று நாடாளுமன்றத் தீர்மானம் 266-0 என்று நிறைவேறியது. எதிர்த்து ஒரு ஓட்டு இல்லை. ஆனால் பிரதமர் ட்ரூடோவும் அமைச்சரவையும் ஓட்டுப் போடவே இல்லை. அரசின் சார்பில் வெளியுறவு அமைச்சர் ஒருவர்தான் விலகி நிற்பதாகச் சொன்னார். அன்றைக்கு இந்தப் பூஜ்யத்தைப் படித்தால் ஒன்றும் தெரியாது, வராதவர்களின் பெயரைப் படித்தால்தான் கதை தெரியும். அதிலிருந்து எங்கள் தாளில் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு கட்டத்தோடு 'ஆளைக் காணோம்' என்று மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துவிட்டது.

சட்டமும் அப்படித்தான். 98-0 விழுந்த அந்தச் சட்டத்தின் கீழ் சவூதி அரேபியா 2004இல் பட்டியலில் ஏறியது. எந்தத் தண்டனையும் வரவில்லை. தேச நலன் என்று காரணம் சொல்லி விலக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எதிர்த்து ஓட்டுப் போட்டவரெல்லாம் மதச் சுதந்திரத்துக்கு எதிரியா?

இல்லவே இல்லை. 1998 மே மாதம் ஃபிராங்க் உல்ஃப் கொண்டுவந்த முதல் வடிவம் கீழவையில் 375-41 என்று நிறைவேறியது. தானாகவே தடை விழும்படி சட்டம் செய்தால், அந்த நாட்டில் மாட்டிக்கொண்டிருக்கும் சிறுபான்மையினர்மேலேயே ஆத்திரம் திரும்பும் என்ற வாதம் அப்போது இருந்தது. அந்த வாதத்தை நம்பி எதிர்த்தவரை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? நாங்கள் அவர் பேசியதைப் படித்துவிட்டுத்தான் போடுகிறோம். அதனால்தான் மெதுவாக நடக்கிறது.

நம் நாடாளுமன்றத்தில் என் எம்.பி. எப்படி ஓட்டுப் போட்டார் என்று பார்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது என்பதுதான் உண்மை. இரண்டு காரணம்.

முதலாவது, நம் அவைகளில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. 'ஆம்' என்பவர்கள் ஆம் சொல்லுங்கள், 'இல்லை' என்பவர்கள் இல்லை சொல்லுங்கள், எந்தச் சத்தம் பெரியது என்று சபாநாயகர் காது முடிவு செய்கிறது. யாராவது எழுந்து டிவிஷன் கேட்டால்தான் பொத்தான் அழுத்தும் வாக்கெடுப்பு நடக்கும், பெயர்வாரியாகப் பதிவாகும்.

இரண்டாவது காரணம் அதைவிடப் பெரியது. 1985இல் 52ஆவது திருத்தமாக வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். கொறடா உத்தரவு போட்டுவிட்டால் அதை மீறி ஓட்டுப் போட்டாலும் பதவி போகலாம், ஓட்டுப் போடாமல் இருந்தாலும் பதவி போகலாம். ஆக, டிவிஷன் நடந்து பெயர் பதிவாகியிருந்தாலும் அது அந்த மனிதருடைய மனசாட்சியா, கொறடாவின் காகிதமா என்று எப்படிச் சொல்வது? அமெரிக்க மார்க் ஷீட்டை அப்படியே இங்கே கொண்டுவந்தால் 39 எம்.பி.க்களுக்கும் மார்க் போட முடியாது, அவரவர் கட்சித் தலைவருக்குத்தான் போட முடியும்.

வங்கி சார் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார், "கிளைக்கு வர்ற எல்லா செக்குலயும் மேனேஜர் கையெழுத்துதான் இருக்கும், கேஷியர் நேர்மையைக் கண்டுபிடிக்கணும்னா வேற எங்கயாவதுதான் பார்க்கணும்."

அப்புறம் எதைத்தான் எண்ணுகிறீர்கள்?

கொறடாவின் கை எட்டாத இடங்களை.

கேள்வி நேரம் அதில் முதல். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி (அவையில் வாய்மொழிப் பதில்) 20, நட்சத்திரமில்லாத கேள்வி (எழுத்தில் பதில்) 230 வரை பட்டியலாகும். யார் என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் தந்தார் என்பது எழுத்தில் இருக்கும். கேள்வி கேட்கும்படி எந்தக் கொறடாவும் உத்தரவு போடுவதில்லை. உள்துறையிடம் கேட்டாரா, வெளியுறவுத் துறையிடம் கேட்டாரா, சிறுபான்மையினர் நலத் துறையிடம் கேட்டாரா என்பதிலிருந்தே அவர் மனம் எங்கே இருக்கிறது என்று ஓரளவு புரியும்.

அடுத்தது நேரமில்லா நேரத்தில் பேசியது, பொது முக்கியத்துவமுள்ள விஷயத்தை அவையின் கவனத்துக்குக் கொண்டுவர உதவும் 377ஆவது விதியின் கீழ் எழுப்பியது. அதற்கடுத்தது தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத எம்.பி. தானே கொண்டுவருவது. அது நிறைவேறாது என்று கொண்டுவருபவருக்கே தெரியும். நாடாளுமன்ற வரலாற்றில் மொத்தம் 14தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக 1970இல். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியதே 45 ஆண்டுக்குப் பிறகு நடந்த அதிசயம், அதுவும் மக்களவையைத் தாண்டவில்லை. நிறைவேறாது என்று தெரிந்தும் ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார் என்றால் அதை எண்ணத்தான் வேண்டும்.

இதிலெல்லாம் ஒரு சல்லடை வைத்திருக்கிறோம். தன் மதத்துக்காரர்களுக்காகவோ, தனக்கு ஓட்டுப் போடும் கூட்டத்துக்காகவோ பேசினால் ஒரு புள்ளி. தனக்கு ஓட்டே போடாத, போட வாய்ப்பே இல்லாத மக்களுக்காகப் பேசினால் ஐந்து புள்ளி. முதல் வகையைக் குறை சொல்லவில்லை, அது எம்.பி.யின் வேலை. ஆனால் அது தொகுதிச் சேவை, ரோடு போட்டுக் கொடுப்பது மாதிரி.

கேளம்பாக்கத்தில் பழைய புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ரோஹிங்கியா குடும்பங்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஓ.எம்.ஆரில் தினமும் ஐ.டி. வேலைக்குப் போகிறவர்களுக்கே தெரியாது. அவர்களில் ஒருவருக்கும் இங்கே ஓட்டு இல்லை. வாஷிங்டனில் 394 பேரில் ஒருவராகப் பொத்தான் அழுத்துவதைவிட, அவர்களுக்காக இங்கே ஒரு எம்.பி. எழுந்து ஒரு கேள்வி கேட்பது கஷ்டம். அதனால்தான் ஐந்து புள்ளி.

அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை, பதில் சொல்பவர்கள். அதனால் அவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சி.ஏ.ஏ.வை, அதாவது குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை, எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள்?

மூன்று சனிக்கிழமை சண்டை போட்டோம். 2019 டிசம்பரில் மக்களவையில் 311-80. மாநிலங்களவையில் ஆதரவாக 125, அதில் அதிமுகவின் 11 ஓட்டும் சேர்த்தி. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்குக் குடியுரிமை. மதத்துக்காக விரட்டப்பட்டவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மதச் சுதந்திரத்துக்கு ஆதரவுதானே என்றார் வங்கி சார். அப்படியானால் பாகிஸ்தானில் அடிபடும் அகமதியா முஸ்லிம் பிரிவை ஏன் விட்டார்கள், நம் முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களை ஏன் விட்டார்கள், மதத்தைச் சொல்லிப் பிரித்தால் அது எப்படிச் சுதந்திரம் என்றார் வக்கீல் அம்மா. 2021இல் கணக்கெடுத்தபோதுகூடத் தமிழ்நாட்டு முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருந்தார்கள்.

கடைசியில் சி.ஏ.ஏ. ஓட்டுக்குப் புள்ளியே போடுவதில்லை என்று தீர்த்தோம். இரண்டு பேர் வாதத்தையும் ஓரக் குறிப்பாக எழுதி, யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதை மட்டும் பதிவு செய்திருக்கிறோம். கூடவே இன்னொரு வரியும் இருக்கிறது: 2019இல் மாநிலங்களவையில் ஆதரித்து ஓட்டுப் போட்ட அதே அதிமுக, 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் சி.ஏ.ஏ.வைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. இதில் எது மனசாட்சி, எது கொறடா என்று படிப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், அடைக்கலம் கொடுத்தது சரி, கதவில் மதத்தின் பெயரை எழுதியது தப்பு. இது தாளில் ஏறாது.

2002 மதமாற்றத் தடைச் சட்டம் இன்னும் இருக்கிறதா?

தமிழ்நாட்டில் இல்லை. 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு முதலில் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து பிறகு சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. 2004 மக்களவைத் தேர்தலில் நாற்பது தொகுதியும் கைவிட்டுப் போனதும் அதே அரசே திரும்பப் பெற்றது. கொண்டுவந்த கையும் திரும்பப் பெற்ற கையும் ஒன்றே.

இது ஏதோ ஒரு கட்சியின் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஒடிசாவில் 1967லேயே வந்துவிட்டது. இமாச்சலத்தில் 2006இல் கொண்டுவந்தது காங்கிரஸ் அரசு.

பாகிஸ்தானில் இந்துக்களுக்கு நடப்பதை யாராவது கேட்கிறார்களா?

கேட்கிறார்கள், அங்கேயே கேட்கிறார்கள், அதற்கு உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பகுதியைப் படிக்காமல் யாரும் எங்கள் தாளை மூட வேண்டாம்.

ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண்ணுக்கு மத நிந்தனைக் குற்றத்துக்காக 2010இல் மரண தண்டனை விதித்தார்கள். அந்த நவம்பரில் ஷெர்ரி ரெஹ்மான் என்ற எம்.பி. மத நிந்தனைச் சட்டத்தைத் திருத்தத் தனிநபர் மசோதா கொடுத்தார். அந்தப் பெண்ணுக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011 ஜனவரி 4 அன்று அவருடைய பாதுகாவலரே சுட்டுக் கொன்றார். மார்ச் 2 அன்று சிறுபான்மையினர் அமைச்சர் ஷாபாஸ் பட்டி கொல்லப்பட்டார். இடையில், பிப்ரவரியில், சொந்தக் கட்சியே துணை நிற்காத நிலையில், கராச்சி வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் இருந்த ஷெர்ரி ரெஹ்மானின் மசோதா திரும்பப் பெறப்பட்டது. ஆசியா பீபி 2018 அக்டோபரில் விடுதலையானார்.

இதை மார்க் ஷீட்டில் எப்படி எழுதுவீர்கள்? 'மசோதா: திரும்பப் பெறப்பட்டது. புள்ளி: 0' என்றா? நம் தாளில் அவர் பெயருக்கு நேரே புள்ளிக் கட்டம் காலியாக இருக்கிறது. பேசினால் உயிர் போகும் இடத்தில் பேசியவருக்கு நாங்கள் மார்க் போடுவது அதிகப்பிரசங்கித்தனம்.

இதற்கு நேர் எதிர், சிந்து மாகாணம். கட்டாய மதமாற்றத்துக்கு எதிரான மசோதாவை, முக்கியமாக இந்துச் சிறுமிகளைக் கடத்தி மாற்றுவதைத் தடுக்க, சிந்து சட்டமன்றம் 2016 நவம்பரில் ஒருமனதாக நிறைவேற்றியது. மார்க் ஷீட் போட்டால் மொத்தச் சபைக்கும் நூறு. மத அமைப்புகள் எதிர்ப்புக் கிளப்பின, ஆளுநர் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார், அது சட்டமாகவே இல்லை.

சிந்து என்றதும் ஒன்று. நாங்கள் உட்காரும் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வாலாஜா பெரிய பள்ளிவாசல் இருக்கிறது, 1795இல் கட்டியது. ரம்ஜான் மாதம் அங்கே நோன்பு திறக்க உணவு பரிமாறுபவர்களில் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் தொண்டர்களும் உண்டு. பிரிவினையில் சிந்துவை விட்டு ஓடிவந்த இந்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பல பத்தாண்டாக இது நடக்கிறது. இதை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது என்று கேட்காதீர்கள், அவர்கள் எம்.பி.க்கள் இல்லை. சும்மா சொன்னேன்.

இலங்கை பற்றி?

இதில் எங்களுக்குத் தனிப்பட்ட கோபதாபம் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அங்கே அரசியல் சட்டத்தின் 9ஆவது பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது, 10ஆவது பிரிவு எல்லாருக்கும் மனசாட்சிச் சுதந்திரம் தருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான், சைவர்கள் கும்பிடும், பௌத்தத் தலம் என்றும் உரிமை கோரப்படும் வவுனியா பக்கத்து வெடுக்குநாறி மலை இருக்கிறது. 2024 சிவராத்திரியன்று ஆதிசிவன் கோயிலில் பூஜை செய்தவர்களில் எட்டுப் பேரைப் போலீஸ் பிடித்துப்போனது நம் ஊர்ச் செய்திகளிலும் வந்தது.

ஆனால் தமிழ் வாசகர் அதிகம் பேசாத இன்னொன்றைச் சொல்கிறேன். கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று 2020இல் உத்தரவு போட்டார்கள். புதைக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தும், முஸ்லிம் உடல்கள், ஒரு கைக்குழந்தையின் உடல் உட்பட, எரிக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில்தான் விலக்கினார்கள். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இப்போது ஓட்டுப் பதிவைப் பாருங்கள். அந்த எரிப்பு நடந்துகொண்டிருந்த 2020 அக்டோபரிலேயே, அதே அரசுத் தலைமைக்கு அதிகாரத்தைக் குவித்த 20ஆவது திருத்தம் 156-65 என்று நிறைவேறியது. முஸ்லிம் கட்சிகளைச் சேர்ந்த சில எதிர்க்கட்சி எம்.பி.க்களே ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். அதே சமயம் கட்டாய எரிப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன முஸ்லிம் குடும்பங்களுக்காக வழக்காடியவர்களில் ஒருவர் அப்போது யாழ்ப்பாணத்து எம்.பி.யாக இருந்த சுமந்திரன். முஸ்லிம் அல்ல, தமிழ்க் கிறிஸ்தவர். 2020 டிசம்பர் 1 அன்று மனுக்கள் தள்ளுபடியாயின. அவரைப் பற்றி மற்ற விஷயங்களில் ஆளுக்கொரு விமர்சனம் இருக்கலாம், எனக்கும் இருக்கிறது. இந்த வரிசையில் ஐந்து புள்ளி கொடுத்தோம்.

அமெரிக்கக்காரனுக்கு நம் ஊர் விவகாரத்தில் என்ன வேலை?

நியாயமான எரிச்சல். அந்த ஒன்பது பேர் ஆணையம் 2020 முதல் இந்தியாவையும் பட்டியலில் போடச் சொல்லிப் பரிந்துரைத்து வந்திருக்கிறது. நம் வெளியுறவு அமைச்சகம் அது ஒருதலைப்பட்சம் என்று மறுப்பதும் ஆண்டுக்காண்டு நடக்கிறது. 2005இல், அப்போது குஜராத் முதல்வராக இருந்த மோடியின் பழைய விசாவை ரத்து செய்தது அந்த 1998 சட்டம் கொண்டுவந்த விதியின் கீழ்தான். அவர் பிரதமரானதும் சிவப்புக் கம்பளம் விரித்ததும் அதே நாடுதான். சட்டம் மாறவில்லை, ஆள் வந்து உட்கார்ந்த நாற்காலி மாறிவிட்டது.

எங்கள் தாளில் சுவாரசியமான பெயர் பிரமிளா ஜெயபால். சென்னையில் பிறந்தவர், சியாட்டில் எம்.பி. 2019 டிசம்பரில் காஷ்மீரில் தொலைத்தொடர்புத் தடையை நீக்கவும் மதச் சுதந்திரத்தைக் காக்கவும் கேட்டு ஒரு தீர்மானம் கொடுத்தார். அவர் இருக்கும் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் சந்திப்பையே ரத்து செய்தார். தீர்மானம் சபையில் ஓட்டுக்கு வரவே இல்லை. இந்தியாவை எதிர்த்ததால் அவர் வீரர் என்று ஒரு கூட்டம், துரோகி என்று ஒரு கூட்டம். நாங்கள் பார்த்தது ஒன்றே: தன் தொகுதியில் இதனால் அவருக்கு ஓட்டு குறையுமா? பெரிதாகக் குறையாது. ஆகவே இரண்டு புள்ளி. மாணவன் மூன்று கேட்டான், கொடுக்கவில்லை.

நாத்திகர்களுக்கு இதில் இடம் உண்டா?

உண்டு. 18ஆவது பிரிவு நம்பாதவருக்கும் சேர்த்துத்தான். கோவையில் 2017இல் நாத்திகம் பேசியதற்காக ஒரு திராவிடர் விடுதலைக் கழக உறுப்பினரைக் கொன்றார்கள். பெரியார் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

நீங்கள் எந்தக் கட்சி?

நாலு பேரில் மூன்று கட்சி. நாலாமவர் நோட்டா.

தப்பு நேர்ந்திருக்கிறதா?

நேர்ந்தது. ஒரு முக்கியமான வாக்கெடுப்பில் ஓர் எம்.பி.க்கு 'ஆளைக் காணோம்' என்று போட்டு, கடுமையாக ஒரு வரியும் எழுதிவிட்டேன். அன்றைக்கு அவர் அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் என்று அவர் தொகுதிக்காரர் ஒருவர் காட்டிய பிறகுதான் தெரிந்தது. திருத்தினேன், அந்தத் தொகுதிக்காரரிடம் மன்னிப்பும் கேட்டேன். அதிலிருந்து, வராததற்குக் காரணம் தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுகிறோம்.

இன்னொன்று, ஒருமனதாக நிறைவேறியதற்கெல்லாம் எல்லாருக்கும் புள்ளி கொடுத்துக்கொண்டிருந்தோம். கனடா நாடாளுமன்றம் 2022 மே 18 அன்று தமிழர் இனப்படுகொலை நினைவு நாளை ஏற்றபோது பெயர்வாரி ஓட்டே கிடையாது, யாரும் மறுக்கவில்லை, அவ்வளவுதான். நமக்கு மனசுக்குப் பிடித்த தீர்மானம் என்பதால் எல்லாருக்கும் அள்ளி வழங்கிவிட்டோம். வக்கீல் அம்மா கண்டுபிடித்து அடித்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

என் தொகுதிக்கு நானே பார்க்க முடியுமா?

தாராளமாக. வடசென்னை, மத்திய சென்னை, தென்சென்னை எதுவானாலும் வழி ஒன்றுதான். நாடாளுமன்றத்தின் சன்சத் தளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டால் அவர் கேட்ட கேள்விகள் முழுதும் வரும். பி.ஆர்.எஸ். என்ற சட்டமியற்றல் ஆய்வு நிறுவனம் வருகைப் பதிவு, விவாதம், தனிநபர் மசோதா எண்ணிக்கை எல்லாம் தொகுத்து வைத்திருக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐநூறு கேள்வி கேட்டவர் ஐநூறும் ரயில் நிறுத்தம் பற்றியே கேட்டிருக்கலாம். ஒவ்வொரு கேள்வியாகத் திறந்து படியுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

எம்.எல்.ஏ.வுக்கு இது கஷ்டம். 234 பேரில் பெரும்பாலானவர்களின் பெயர்வாரி ஓட்டு எங்கேயும் கிடைக்காது. அவைக்குறிப்புதான் கதி, அதைப் பொறுமையாகப் புரட்ட வேண்டும்.

எம்.பி.க்குக் கடிதம் எழுதினால் பதில் வருமா?

நாங்கள் எழுதியவற்றில் பாதிக்குமேல் பதில் இல்லை. வந்த பதில்களிலும் பெரும்பாலானவை 'தங்கள் கடிதம் கிடைத்தது' வகை. ஒரே ஒருவர் மட்டும், எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், போன் செய்து, "நீங்க சொன்ன விஷயத்தைக் கேள்வியா எழுதிக் கொடுங்க, என்ன துறை, என்ன வார்த்தைன்னு சரியா எழுதிக் கொடுங்க, நான் போடுறேன்" என்றார். எழுதிக் கொடுத்தோம். போட்டார். இரண்டு வரியில் அமைச்சகத்தின் பதில் வந்தது, அதில் நாங்கள் கேட்டதற்கு விடை இல்லை. அடுத்த கூட்டத்தொடருக்கு அதையே வேறு மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறோம்.